தங்கையின் கைக்களிம்பு

கைக்களிம்பைக் கடையில் வாங்க வேண்டியதில்லை, ஐயா. தேன்மெழுகும் எண்ணெயும் இருந்தால் வீட்டிலேயே செய்துகொள்ளலாம். என் தங்கைக்கு நான்தான் செய்து கொடுத்துவந்தேன். அவளுடைய கைகள் எளிதில் வறண்டுவிடும்.

நான் முதலில் நரம்பியல் ஆய்வாளன், பிறகுதான் கலைஞன். என் கண்காட்சிகளில் பார்ப்பதற்கு ஒன்றும் இராது. இருட்டறைக்குள் மக்கள் சுவரைத் தடவியபடியே நடப்பார்கள். கம்பளி, ஈரக்களிமண், துருப்பிடித்த இரும்பு, மெழுகு என்று சுவர் மாறிக்கொண்டே போகும். மெழுகிலிருந்து கண்ணாடிக்கு விரல் நகரும் இடத்தில் பெரியவர்களே அழுதிருக்கிறார்கள். நரம்புகளை அறிந்தவனால் மட்டுமே இது இயலும் என்று பத்திரிகைகள் எழுதின.

பத்திரிகைகள் அறியாதது ஒன்று உண்டு. ஆய்வுக்கூடத்தில் நேர்ந்த அமில விபத்துக்குப் பின் என் விரல்நுனிகளுக்கு உணர்வே இல்லை. எதன் அருகில் எது வரவேண்டும் என்று தீர்மானித்தவள் தங்கைதான். கண்ணை மூடிக்கொண்டு தடவுவாள். "இது வேணாண்ணா, பொய் சொல்லுது" என்பாள். அந்தத் துண்டை எடுத்துவிடுவேன்.

ஒருநாள் சாப்பிடும்போது சொன்னாள்: "அடுத்த கண்காட்சிய என் பேர்ல வைக்கிறேன். அமைப்பாளர் அம்மாகிட்ட பேசிட்டேன்."

"அப்போ நான்?"

"நீ வாசல்ல நின்னு டிக்கெட் கிழி. அதுக்கு விரல்ல உணர்ச்சி வேணாம்."

சிரித்தாள், நானும் சிரித்தேன்.

"கோவமாண்ணா?"

"சேச்சே. கையக் காட்டு, எப்படிக் காஞ்சு கெடக்கு பாரு."

அதன்பின் களிம்பின் சேர்மானத்தைச் சிறிது மாற்றினேன். நாள்தோறும் நானே பூசிவிட்டேன். கையுறை எனக்குத் தேவைப்படவில்லை. என் விரல்களில் இழப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

முதலில் அவளுக்குப் பட்டும் பருத்தியும் ஒன்றாயின. பிறகு ஊசி கையில் நிற்கவில்லை. ஒரு மாலை, மெழுகு உருக்கும் சட்டியின் விளிம்பைப் பிடித்தவாறே என்னோடு பேசிக்கொண்டிருந்தாள். கருகல் வாடை எழுந்த பிறகே குனிந்து பார்த்தாள். நான் சற்று முன்பே பார்த்துவிட்டேன் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

"எனக்கு என்னண்ணா ஆச்சு?"

"நான் இருக்கேன்ல" என்றேன்.

அவளது கண்காட்சி தானாகவே நின்றுபோயிற்று. அவள் முன்பே தேர்ந்து வைத்திருந்த பொருள்களைக் கொண்டு என்னுடையது நடந்தது. திறப்பு விழாவில்தான் பிசகு நேர்ந்தது. அமைப்பாளர் அம்மையார் தங்கையின் பையிலிருந்த டப்பாவைப் பார்த்துவிட்டு, "எனக்கும் கொஞ்சம் குடு கண்ணு, கை சொரசொரன்னு இருக்கு" என்று கேட்டார். தங்கை டப்பாவையே கொடுத்துவிட்டாள். அவ்வளவு பேர் நடுவில் நான் எப்படித் தடுப்பேன்? சில வாரங்களில் அம்மையாரால் கழுத்துச் சங்கிலியின் கொக்கியை மாட்ட இயலவில்லை. அவருக்கு நம்புவதற்கு ஓர் அண்ணன் இல்லை. ஆகவே டப்பாவை நேரே பரிசோதனைக்கு எடுத்துச் சென்றார், முடிவோடு உங்கள் காவல் நிலையத்துக்கு வந்தார்.

செய்தவன் நானே, மறுக்கவில்லை. ஆனால் வெறுப்பினால் செய்யவில்லை. உணர்வற்ற விரல்களைக் கண்ணால் பார்த்தே இயக்க எனக்குப் பல ஆண்டுப் பழக்கம். இப்போது அவளுக்குப் பொத்தான் போட்டுவிடுவதும் தலை வாரிவிடுவதும் சோறு ஊட்டுவதும் நான்தான். சிறுவயதில்கூட அவள் என்னிடம் இவ்வளவு ஒட்டுதலாக இருந்ததில்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். என்னை இங்கேயே வைத்துக்கொண்டாலும், களிம்பை மட்டும் யாரேனும் தவறாமல் பூசிவிடுங்கள். நிறுத்தினால் சில மாதங்களில் உணர்வு திரும்பிவிடும். திரும்பும்போது கடுமையாக வலிக்கும். அவளுக்கு வலிப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க இயலாது, ஐயா.