சிவப்புக் கோட்டுக்கு இடது பக்கம்

— அந்த மூணு வாரமும் உங்கள மனசுக்குள்ள திட்டிக்கிட்டேதான் இருந்தேன் டாக்டரம்மா. இன்னிக்கு ஒத்துக்கறேன்.

— நான் டாக்டர் இல்ல, பேச்சுப் பயிற்சி குடுக்கறவதான்னு எத்தன தடவ சொல்றது சார்? சரி, எதுக்குத் திட்டினீங்க?

— பின்ன? பக்கவாதம் வந்து ஒரு வருஷமா அப்பா வாயே திறக்கலன்னு ஓடி வந்தா, "பயிற்சி மூணு வாரம் கழிச்சுத்தான். அதுவரைக்கும் தினம் சாயங்காலம் பத்து நிமிஷம் பக்கத்துல உக்காந்து, எத்தன வார்த்த பேசறார்னு எண்ணி எழுதுங்க"ன்னு ஒரு நோட்டக் குடுத்து அனுப்பிட்டீங்க!

— முன்னாடி எப்படி இருந்தார்னு தெரிஞ்சாத்தானே சார், அப்புறம் வந்த மாற்றம் எதனாலன்னு சொல்ல முடியும்?

— இதுல என்ன சந்தேகம்? அன்னிக்கு நாலு வார்த்த. இப்போ நாப்பத்தொண்ணு! நேத்து என் சட்டையப் பாத்து, "இஸ்திரி போட மாட்டியா"ங்கறார். உங்களக் கையெடுத்துக் கும்பிடணும்.

— உங்க நோட்டத்தான் நான் கும்பிடணும். அஞ்சு மாசத்துல ஒரு நாள் விடுபடல. பூஜ்யம் வந்த அன்னிக்குப் பூஜ்யம்னே எழுதியிருக்கீங்க. பாதிப் பேர், பாவம்னு ரெண்டு சேத்துப் போட்டுருவாங்க.

— அப்பா தேறிட்டார்ங்கற தைரியத்துலதான் கிளம்பறேன். ரெண்டு வருஷம் வெளியூர் வேலை, திங்கக்கிழம கையெழுத்துப் போடணும். நர்ஸம்மா அப்பா கூடவே இருப்பாங்க. நீங்க பயிற்சிய மட்டும் விட்டுடாதீங்க... ஏன், முகம் ஒரு மாதிரி ஆகுது?

— உங்க எண்ணிக்கைய நாள் வாரியாப் புள்ளி வச்சு இழுத்துப் பாத்தேன். இந்தச் சிவப்புக் கோடு நான் பயிற்சி ஆரம்பிச்ச நாள். அதுக்கு இடது பக்கம் பாருங்க.

— நாலு, அஞ்சு, ஏழு, பத்து... நீங்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே ஏறுதே!

— சிவப்புக் கோட்டுக்கு அப்புறமும் அதே வேகம்தான். என் பங்கு ஏதாவது தெரியுதான்னு மூணு தடவ போட்டுப் பாத்தேன் சார், ஆசைதான். இல்ல.

— தானாவே சரியாகிட்டு வந்திருப்பாரோ?

— அப்படித்தான் நெனச்சேன். ஆனா மூணாம் மாசத்துல இந்தப் பள்ளம் எப்படி வந்தது? பதினஞ்சு நாள். பயிற்சி நிக்கல, மருந்தும் மாறல.

— அப்போ ஆபீஸ் வேலையா வெளியூர்ல இருந்தேன். நர்ஸம்மா உக்காந்து எண்ணினாங்க. எண்ணறதுல தப்பு விட்டிருப்பாங்க.

— நாலு நாள் நானும் கூட இருந்து எண்ணினேன். ஒரு வார்த்த விடல அவங்க.

— அப்போ...

— நோட்டு வர்றதுக்கு முன்னாடி, சாயங்காலம் அப்பா பக்கத்துல உக்காந்து எவ்ளோ நாளாச்சு சார்?

— அம்மா போனதுலேருந்து... உக்காந்ததா ஞாபகமே இல்ல. எண்ணணுமேன்னுதான் சீக்கிரம் வீட்டுக்கு வர ஆரம்பிச்சேன். வெக்கமா இருக்கு.

— நேத்துப் பயிற்சி முடிஞ்சு நான் கிளம்பினப்ப அப்பா என் கையப் பிடிச்சுக்கிட்டு ஒண்ணு கேட்டார். வார்த்தைக்கு வார்த்த மூச்சு வாங்கிக்கிட்டு, "அவன் நோட்டு... தீரப் போகுது. புதுசு ஒண்ணு... குடுப்பியாம்மா?"ன்னு.