எல்லார் முன்னாலும் விழுந்தவள்

ஹலோ... ஹலோ, அபனூப் அம்மாவா? நான்தான்... ஃபெரியால். கோயில்ல பாட்டு சொல்லிக்குடுக்கிற ஃபெரியால்... வச்சுடாத தஹானி. ஒரு நிமிஷம். ஒரே நிமிஷம்.

...ஆமா... ஆமா, தெரியும். வெள்ளிக்கிழமைதான் மன்னிப்புக் கேட்டேன். மன்னிச்சேன்னு நீயும் சொன்ன... இல்ல, மறுபடியும் கீழ விழல. நிக்கிறேன். சமையல்கட்டுல நிக்கிறேன். தனியாத்தான். யாரும் பார்க்கல.

அடுப்பில் நோன்புக்கான மொச்சை வடை கருகிக்கொண்டிருந்தது. ஃபெரியால் அடுப்பை அணைத்தாள்.

வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும், மின்யா ஊரின் அந்தச் சின்னக் கிறிஸ்தவக் கோயில் கூடத்தில் பெண்கள் அத்தனை பேரும் நிற்க, தஹானியின் காலடியில் நெற்றி தரையில் பட விழுந்து மெத்தானியா என்னும் மன்னிப்பு வணக்கம் செய்தவள் அவள். எழுந்தபோது எத்தனையோ பேர் அவள் தலையில் முத்தமிட்டார்கள். மன்னித்தேன் என்பதைத் தவிர வேறெதற்கும் தஹானி வாயைத் திறக்க வழியில்லாமல் போயிற்று.

...சிரிக்காத... சரி, சிரி. சிரிக்க உனக்கு உரிமை இருக்கு. ...ஆமா, எப்பவாவது உன் மனசு நோக நடந்திருந்தா மன்னிச்சுடுன்னுதான் சொன்னேன். எதுன்னு சொல்லல. ...ஆமா, வேணும்னேதான் சொல்லல.

...இல்ல, பிரசங்கம் பண்ண வரல. கேளு. காலைல ஜெபத்துக்கு நின்னேன். ஆண்டவரே, எனக்குள்ள வந்து தங்குங்கன்னு தினமும் சொல்றதுதான். இன்னைக்கு வாய் வரல. எங்க வந்து தங்குவாரு தஹானி? உள்ள முழுக்க நான்தான் காலை நீட்டி உக்காந்திருக்கேன். ...ம். உனக்கு முன்னாடியே தெரியும். எனக்கு இப்பத்தான்.

...இல்ல, நம்ம சாமியார் அபூனா அனுப்பல. அவர்கிட்ட இன்னும் பாவசங்கீர்த்தனமே பண்ணல. ...சொல்றேன். சொல்றேன், அவசரப்படுத்தாத.

உன் பையனுக்கு நிச்சயம் பண்ணின பொண்ணு, அந்த யுஸ்தினா வீட்டுல போய் அவனப் பத்திப் பேசினது... நான்தான்.

...தஹானி? ...இருக்கியா?

...ஆமா. நீ சந்தேகப்பட்டது சரிதான். ...என்ன சொன்னேனா... அபனூப் கீழ விழுவான்னு சொன்னேன். போன வருஷம் பெரிய வெள்ளிக்கிழமை, கும்பிடு நேரத்துல கண்ணு சொருகி விழுந்தான்ல, அத. ...தெரியும். தெரியும்டி. காலைலேர்ந்து பச்சைத்தண்ணி கிடையாது, அந்தக் கூட்டம், அந்த வெக்கை. விழுந்து விழுந்து எந்திரிச்சா யாரா இருந்தாலும் சாய்வாங்க. அவன் முகத்துல தண்ணி தெளிச்சதே நான்தானே, பசி மயக்கம்னு எனக்குத் தெரியாதா? ஆனா அவங்ககிட்ட, என் கண்ணால பார்த்தேன், அடிக்கடி வருமோ என்னமோன்னு இழுத்து விட்டுட்டேன். பொய் ஒன்னும் சொல்லலையேன்னு என்னையே தட்டிக்குடுத்துக்கிட்டேன்.

...ம். ...ம். ...ஆமா. ...சொல்லு, இன்னும் சொல்லு.

தஹானியின் குரல் உயரவே இல்லை. அதைத்தான் ஃபெரியாலால் தாங்க முடியவில்லை. கத்தித் திட்டினால் அழலாம். அழுதுவிட்டால் பாதி தீர்ந்த மாதிரி இருக்கும்.

...இப்பவா? யுஸ்தினா அம்மா உன் வீட்டுலயா உக்காந்திருக்காங்க? ...மோதிரத்தத் திருப்பிக் குடுக்கவா...

...இல்ல தஹானி, போன்ல வேணாம். நான் நேர்லயே வர்றேன். ஞாயித்துக்கிழமை அபூனாவையும் கூட்டிட்டு வர்றேன். எல்லாருமா உக்காந்து, ஒரு ஜெபம் பண்ணி...

அவள் நிறுத்தினாள். அபூனாவின் கறுப்பு அங்கி, தட்டில் தேநீர்க் கோப்பைகள், தன் கண்ணீர், மறுபடியும் தரையில் தன் நெற்றி. அந்தக் காட்சி முழுவதும் கண்முன் வந்தது. அதில் தான் எவ்வளவு அழகாக இருக்கிறோம் என்பதும் தெரிந்தது.

...இல்ல, நீ ஒன்னும் சொல்ல வேணாம். அவங்ககிட்ட போனக் குடு. ...நிஜமாத்தான். ...இரு, முதல்ல உனக்கு ஒன்னு. ஏன் அப்படிச் சொன்னேன்னு நீ கேக்கவே இல்ல. எங்க பையன் இபராமுக்கு அந்தப் பொண்ண மனசுல நினைச்சிருந்தேன். ...ஆமா. அவனுக்கே தெரியாது.

...குடு.

...ஹலோ. யுஸ்தினாவோட அம்மாதானே, நான் ஃபெரியால். ...நலம் விசாரிக்கிறதெல்லாம் இருக்கட்டுங்க, நான் சொல்றதக் கேட்டுடுங்க. அன்னைக்கு உங்க வீட்டுல அபனூபைப் பத்திச் சொன்னேனே, அந்தப் பையனுக்கு ஒரு நோயும் கிடையாது. அது பசி மயக்கம். எனக்கு அப்பவே தெரியும். தெரிஞ்சேதான் சொன்னேன். உங்க பொண்ண என் பையனுக்குக் கேக்கணும்னு.

...ஆமா. ...ஆமாங்க, உங்க பொண்ணுக்கு ஞாயிறு வகுப்புல பாட்டு சொல்லிக்குடுத்த அதே வாயாலதான்.

...இல்லங்க. மன்னிக்கச் சொல்லிக் கேக்கல. மோதிரத்த மட்டும் வச்சுட்டுப் போயிடாதீங்க. ...சொல்லுங்க, யார்கிட்ட வேணும்னாலும் சொல்லுங்க. ...கோயில்லயா...

அணைத்த அடுப்பின் திருகை மறுபடியும் ஒருமுறை திருகிப் பார்த்தாள்.

...கோயில்லயும் சொல்லுங்க.

...ஹலோ?

மறுமுனையில் போனை எதன்மீதோ வைக்கும் சத்தம் கேட்டது. இணைப்பு போகவில்லை. தூரத்தில் இரண்டு பெண்கள், சொல் பிரியாமல், ஒருவர் மாற்றி ஒருவர் பேசிக்கொண்டிருந்தார்கள். தன் பெயர் அதில் வருகிறதா என்று ஃபெரியால் போனைக் காதோடு அழுத்தினாள். வந்தது போல இருந்தது. அதற்கு முன்னும் பின்னும் என்ன சொல்கிறார்கள் என்பது விளங்குவதற்குள், அவளே துண்டித்தாள்.