கழற்றப்படாத மோதிரம்

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமையேற்றிருக்கும் மருத்துவமனைக் கண்காணிப்பாளர் டாக்டர் நிருபம் லாஹிரி அவர்களே, மனைவியை இழந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பினோய் பாபு அவர்களே, செவிலியர்களே, ஆயாக்களே, வணக்கம்.

தொற்றுத் தடுப்புச் செவிலியர் மந்திரா சமாதார் மறைந்தார் என்கிறது அழைப்பிதழ். எதனால் என்று சொல்லவில்லை. கிருமி ஆய்வகத்தின் தலைவன் நான் சொல்கிறேன்.

துர்கா பூஜைக்கு முன், பச்சிளங்குழந்தைகள் வார்டில் ஏழு குழந்தைகள் இறந்தன. எந்த மருந்துக்கும் அசையாத ஒரே கிருமி. நம் எல்லோருக்கும் அக்காவான மந்திரா தீதி, கிருமி மாதிரி எடுக்கும் பஞ்சுக்குச்சியோடு ஒவ்வொரு கையாகத் தேடிப் போனார். அடியில் கிருமி தங்கும் என்பதால், மணமான பெண்கள் தாலியைப் போல் காக்கும் சங்கு வளையல்களை வார்டு வாசலில் கழற்ற வேண்டும் என்றார். தம்முடையதை முதலில் கழற்றினார்.

"கழட்டினா புருஷனுக்கு ஆகாது தீதி," என்றார் ஆயா ஷெஃபாலி.

"என் புருஷனுக்கு ஆயுசு கெட்டி. உள்ள கிடக்குற பிள்ளைங்களுக்கு இல்லையே. கழட்டுடி."

ஷெஃபாலி உட்பட இரண்டு ஆயாக்களின் கையில் அக்கிருமி கிடைத்தது. அன்றே இருவருக்கும் வேலை போயிற்று. ஏழையின் கையில் கிடைத்தால் நமக்குத் தேடல் முடிந்துவிடும். தீதி நிறுத்தினாரா? அவர்களுக்கு அது யாரிடமிருந்து வந்தது என்று கேட்டார். காலைச் சுற்றில் கண்காணிப்பாளர் தொட்டுப் பார்த்த குழந்தைகளை அடுத்துத் தூக்கியவர்கள் அவ்விருவரே.

கண்காணிப்பாளரின் விரலில் நீலக்கல் மோதிரம். "சனியை அடக்க ஜோசியர் குடுத்தது. கழட்ட மாட்டேன். வேணும்னா குச்சியை விட்டுப் பாரும்மா," என்று சிரித்தபடி கையை நீட்டினார்.

"சனி உங்க விரல்லயே இருக்கட்டும் சார். அதை ஏன் பிள்ளைங்க மேல இறக்கி விடுறீங்க?"

மோதிரத்தடியில் அதே கிருமி. நானே சோதித்தேன், நானே கையெழுத்திட்டேன். "பூஜை முடியட்டும்" என்று மேலிருந்து சொன்னார்கள். அறிக்கையை என் இழுப்பறையில் வைத்துப் பூட்டியவனும் நானே.

அது பூட்டிக் கிடந்த மூன்று வாரத்துக்குள் தீதி பித்தப்பை அறுவைக்காக இங்கேயே படுத்தார். நலம் விசாரிக்க வந்த ஒரு கை, உரிமையோடு கட்டைப் பிரித்துப் புண்ணைத் தொட்டுப் பார்த்தது. அந்தக் கையில் மோதிரம் இருந்தது. பன்னிரண்டாம் நாள் தீதி இறந்தார். அவர் இரத்தத்தில் நான் கண்டது அதே கிருமி.

வளையலைக் கழற்றினால் கணவனுக்கு ஆகாது என்றார்கள். கணவர் இதோ இருக்கிறார். கழற்றியவர் இல்லை. கழற்ற மறுத்தவர் மேடையில் இருக்கிறார். பூட்டி வைத்தவன் உங்கள் முன் பேசிக்கொண்டிருக்கிறேன்.

அறிக்கையை இன்று காலை சுகாதாரத் துறைக்கும், பினோய் பாபுவுக்கும், வேலையிழந்த ஆயாக்கள் இருவருக்கும் அனுப்பிவிட்டேன். தீதியின் பணி நிற்காது. நாளைக் காலை எட்டு மணிக்கு அவருடைய பஞ்சுக்குச்சிகளோடு வார்டு வாசலில் நிற்பேன். சோதிக்கப்படும் முதல் கை என்னுடையது.

இரண்டாவது, தலைவர் அவர்களே, உங்களுடையது. மோதிரத்தைக் கழற்றிவிட்டு வாருங்கள்.