கைராசி அக்காவின் ஆறரை மணி

மேடையில் அமர்ந்திருக்கும் தலைமை மருத்துவர் அவர்களே, உடன் பணிபுரியும் தோழர்களே, தோழிகளே, முன்வரிசையில் அப்பாவின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கும் அக்காவின் மகளே, வணக்கம். எனக்கு மேடையில் பேசிப் பழக்கமில்லை. எழுதி வந்ததைப் பார்த்துத்தான் படிக்கிறேன்.

கைராசி அக்கா! நம் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவரை வேறு எப்படி அழைத்தோம்? எந்தக் கணினி முரண்டு பிடித்தாலும் அவர் வந்து தொட்டால் சரியாகிவிடும். அதில் யாருக்குத்தான் மகிழ்ச்சி இல்லை? எனக்கு இல்லை. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் நான். அவர் டிப்ளமோ. என் மேசையைத் தாண்டிப்போய் அவரைக் கூப்பிட்டீர்கள். என் வயிறு எரிந்தது. இரங்கல் கூட்டத்தில் சொல்லக்கூடாததுதான், ஆனாலும் உண்மை.

அப்படி என்னதான் ரகசியம் என்று பார்க்க, ஒருநாள் காலை ஆறரைக்கே வந்தேன். ரத்த அணுக்களை எண்ணும் இயந்திரத்தின் கணினி முன்னால், பாதி கடித்த ரொட்டியோடு நின்றிருந்தார்.

"என்ன டிகிரி, உன் கடிகாரம் ரிப்பேரா?"

அந்தக் கணினி பூட் ஆகும்போது, அதாவது இயங்கத் தொடங்கும்போது, இயந்திரத்தோடு அதைப் பேசவைக்கும் மென்பொருளான யுஎஸ்பி டிரைவர் ஏறாது. வேறொரு பொது டிரைவர் முந்திக்கொண்டு இடத்தைப் பிடித்துவிடும். அக்கா தினமும் அதை இறக்கிவிட்டு, சரியானதைக் கையால் ஏற்றிவைப்பார். ஏழரைக்கு நாம் வரும்போது எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும். இதுதான் அந்தக் கைராசி!

"இந்தப் பொது டிரைவரை ஏறவிடாதேன்னு தடைப்பட்டியல்ல மூணு தடவை போட்டாச்சு. ஆஃப் பண்ணி ஆன் பண்ணா மறுபடி வந்து உக்காந்துக்குது, சனியன்."

எனக்குப் புரிந்துவிட்டது. கணினி முதலில் படிக்கும் பூட் கோப்புக்குள் பழைய பட்டியலே இருந்தது. அந்தக் கோப்பையும் புதிதாக உருவாக்க வேண்டும். ஒரே ஒரு கட்டளை. சொன்னேனா? இல்லை. "அப்படியாக்கா" என்று என் இடத்துக்குப் போய்விட்டேன். ஒருநாள் அல்ல, நான்கு மாதம் சொல்லாமலே இருந்தேன்!

அவர் காய்ச்சலில் படுத்ததும் நானே ஆறரைக்கு வந்து கையால் ஏற்றினேன். "உனக்கும் கைராசிதான்" என்றீர்கள். அந்தச் சொல்லுக்காகவே அதை நிரந்தரமாகச் சரிசெய்யாமல் விட்டேன்.

கடைசியில், காய்ச்சல் முற்றி மருத்துவமனைக் கட்டிலில் கிடந்த அவரிடம் சொன்னேன். "தெரிஞ்சேதான் சொல்லலைக்கா. பொறாமை."

அக்கா போர்வையை விலக்கிக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "உனக்குத் தெரிஞ்சிருக்கும்னு எனக்கும் தோணுச்சுடி. கேக்கத்தான் வாய் வரல. நேத்து வந்த டிகிரிகிட்ட நான் போய்க் கேக்கணுமான்னு எனக்கும் எரிச்சல்." பிறகு சொன்னார்: "நீ அப்பவே சொல்லியிருந்தா காலைல வீட்ல இருந்து பாப்பாவுக்குத் தலை பின்னி விட்டிருக்கலாம். அவங்கப்பா பின்னுனா எலிவால் மாதிரி நிக்குது."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. கேட்கும் துணிவு எனக்கும் இல்லை.

மகளே, உன் அம்மா உன்னோடு இல்லாமல் போன அந்தக் காலைகளில் என் பங்கு இருக்கிறது. அவற்றைத் திருப்பித்தர எனக்கு வழி தெரியவில்லை.

இன்று காலை அந்தப் பூட் கோப்பை மாற்றினேன். மூன்று முறை அணைத்துப் போட்டேன். மூன்று முறையும் சரியான டிரைவர் தானாக ஏறியது. கட்டளையைத் தாளில் எழுதி அங்கேயே ஒட்டியிருக்கிறேன். இனி யாரும் ஆறரைக்கு வரவேண்டாம். தெரிந்ததைச் சொல்வேன், தெரியாததைக் கேட்பேன். அக்காவின் வேலையை இப்படித்தான் தொடரப்போகிறேன்.

நாற்காலி போதாமல் சுவரோரமெல்லாம் நிற்கிறீர்கள். எனக்காக இத்தனை பேர் வருவார்களா? அக்கா, இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது. ஆனால் இந்தமுறை நான் வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை.