கெசியா வெட்டவிடாத டாலர்

மேடையை அலங்கரிக்கும் தலைவர், சந்தைக் கண்காணிப்பாளர் லாம்பர்ட் கோட்ஸ் அவர்களே! மீனும் மாவும் விற்று ஃபிலடெல்பியாவின் பசியாற்றும் தாய்மார்களே! பெரியோர்களே! பின்வரிசையில் இப்போதே சிரிக்கத் தொடங்கிவிட்ட இறைச்சிக்கடைத் தோழர்களே! கொல்லன் எஸ்ரா பென்னக்கின் பணிவான வணக்கம்.

மரத்தை வெட்டும் ஊர் உண்டு, மலையை வெட்டும் ஊர் உண்டு. பணத்தையே வெட்டும் ஊர் நம் ஊர்! ஸ்பெயின் அரசனின் வெள்ளி டாலரை உளியால் துண்டாக்கிச் சில்லறை என்கிறோம். அந்த உளி யாருடையது? நான்கு கால்துண்டு தரவேண்டிய டாலரில் ஐந்து கால்துண்டு வெட்டியவன் யார்? "நீதான்" என்கிறீர்கள். ஆம் ஐயா, நானேதான்! வெட்கத்தோடு சொல்கிறேன்.

திங்கட்கிழமை என் பட்டறைக்கு மிளகு சூப் விற்கும் கெசியா வந்தாள். அடிமையாய்ப் பிறந்து, உழைத்து, உறங்காமல் உழைத்து, தன்னைத் தானே விலைகொடுத்து மீட்டவள். கையில் நம் புதிய நாட்டின் புதிய டாலர். அச்சடிக்கும் பொறிக்கு வலு போதவில்லை. சுதந்திர தேவியின் முகம் பொறித்த பக்கம் மங்கல். முகம் தெரியவில்லை, கடை வாடகைக்குச் செல்லாது என்று தலைவர் திருப்பியனுப்பிவிட்டார். கோபம் வேண்டாம் தலைவரே, நானும் அன்று அதையேதான் சொன்னேன்! இன்று மாலைக்குள் கட்டாவிட்டால் கடை போய்விடும். துண்டு போட்டால் முகத்தை யார் பார்ப்பார் என்று உளியை எடுத்தேன். அவள் காசின்மேல் கையை வைத்துவிட்டாள்.

"என்னை வித்தப்பவும் ராஜா தலை போட்ட காசு. நான் என்னை மீட்டப்பவும் ராஜா தலை போட்ட காசு. இதுல ராஜா இல்ல கொல்லரே. வெட்டாதீங்க."

"கடை போயிடுமேம்மா?"

"போகட்டும். சட்டியத் தூக்கித் தலையில வெச்சுக்கிட்டுத் தெருத்தெருவா விப்பேன்."

உளியைக் கீழே வைத்துவிட்டேன், தாய்மார்களே.

தலைவர் அவர்களே, இதோ தராசு. ஒரு தட்டில் கெசியாவின் டாலர். மறுதட்டில் உங்கள் சட்டைப்பையில் இருக்கும் ஸ்பெயின் டாலரை வையுங்கள். தயங்காதீர்கள், திருப்பித் தந்துவிடுவேன்! எந்தத் தட்டு தாழ்கிறது? உரக்கச் சொல்லுங்கள்! கைமாறிக் கைமாறித் தேய்ந்துபோன அரசன் மேலே போகிறான். கெசியாவின் வெள்ளி கீழே இறங்குகிறது!

தலைவர் கெசியாவின் டாலரை வாடகையாக எடுத்துக்கொண்டார். பெட்டியில் போடாமல் உற்றுப் பார்க்கிறார். பாருங்கள் ஐயா, நன்றாகப் பாருங்கள். மங்கலாக இருக்கட்டுமே, யாரையும் மண்டியிடச் சொல்லாத முகம் அது!

கெசியாவின் கடை நாளையும் திறந்திருக்கும். பசியோடு வாருங்கள். பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கு என் நன்றி. அதோ, கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்கும் அவளுக்கு என் வணக்கம்!