பத்தாம் வகுப்பு ‘பி’யில் ஒரே ஒரு நான்

ரஞ்சனி: நில்லுங்க ரெண்டு பேரும். பனமலை பஸ் வர இன்னும் நேரம் இருக்குது. கேட்டுட்டுதான் வந்தேன்.

ஜெயஸ்ரீ: மிஸ்... நீங்க மெட்ராஸ் போயிட்டீங்கன்னு...

ரஞ்சனி: போயிட்டுத்தான் திரும்பி வந்திருக்கேன். போன வாரம் உங்க கிளாஸ்ல ஒரு பேப்பர் குடுத்தேனே, ‘என்னைப் பற்றி நான்’னு... ஞாபகம் இருக்குதா?

செந்தமிழன்: டிக் அடிக்கிறது. மார்க் போட்டுட்டீங்களா மிஸ்? நான் பாஸா?

ரஞ்சனி: அதுக்கு மார்க்கே கிடையாதுடா. ஜப்பான்ல, பிரேசில்ல, கென்யாவுல எல்லாம் உங்க வயசுப் பசங்க தங்களப் பத்தி இன்னா நெனைக்கிறாங்கன்னு அவங்கவங்க பாஷையில கேக்குறாங்க. தமிழுக்கு நான். ரெண்டு வருஷம் ஒக்காந்து எழுதின கேள்வி அது.

செந்தமிழன்: ஜப்பான்ல இன்னா சொன்னாங்களாம்?

ரஞ்சனி: ஆளுக்கொண்ணு சொன்னாங்க. எல்லா ஊர்லயும் ஆளுக்கொண்ணுதான். உங்க கிளாஸ் மட்டும்... மொத்தப் பேரும் ஒரே மாதிரி.

ஜெயஸ்ரீ: ஒத்துமையான கிளாஸ் மிஸ். எச்.எம்.மே சொல்லுவாரு.

ரஞ்சனி: அதையேதான் எங்க புரொபசரும் சொல்றாரு. செஞ்சிப் பசங்களுக்குத் தனித்தனியா ‘நான்’னு ஒண்ணு இல்லையாம். கிளாஸுக்கே சேத்து ஒண்ணுதானாம். பெரிய கண்டுபிடிப்புன்னு குதிச்சுக்கிட்டு இருக்காரு. நாளைக்கு வெளிநாட்டுக்காரங்க முன்னாடி பேசப் போறாரு. அந்தக் கட்டுரைக்குக் கீழ என் பேரும் இருக்குது.

செந்தமிழன்: நல்லதுதானே மிஸ். ஊருக்குப் பேரு. கோட்டைக்கு அப்புறம் இதான்.

ரஞ்சனி: தப்புன்னு தெரிஞ்சா இந்த ஆராய்ச்சியில இருந்து தமிழையே தூக்கிடுவாங்கடா. என் ரெண்டு வருஷமும் போச்சு. இப்ப படிக்கிறேன், கேளு. ‘கணக்கு எனக்குச் சுலபம்.’ எல்லாரும் ‘மிகவும் சரி’. நீ கணக்குல எவ்ளோ?

செந்தமிழன்: அது... காலாண்டா, அரையாண்டா?

ஜெயஸ்ரீ: ரெண்டும் சேத்தாலும் முப்பத்தஞ்சு வராது மிஸ்.

ரஞ்சனி: ‘ஓட்டம், விளையாட்டு எனக்கு வராது.’ மிகவும் சரி. மாவட்டத்துல ஓடிக் கப்பு வாங்கினவன் நீதானே?

செந்தமிழன்: அன்னிக்கு நாய் தொரத்துச்சு மிஸ்.

ரஞ்சனி: ‘சின்ன விஷயத்துக்கும் அழுதுவிடுவேன்.’ கடைசி பெஞ்சுல மீசை வெச்ச பசங்க கூட மிகவும் சரி. ‘நான் பார்க்க அழகாக இருக்கிறேன்.’ அதுவும் மிகவும் சரி. ஒருத்தருக்குக் கூட சந்தேகம் இல்ல.

செந்தமிழன்: அது உண்மைதான் மிஸ்.

ரஞ்சனி: நீ இரு. ஜெயஸ்ரீ, உன்னத்தான் பாக்குறேன். ஃபர்ஸ்ட் ரேங்க் நீ. எல்லாரும் உன்னப் பாத்து எழுதினாங்களா?

ஜெயஸ்ரீ: நான் காட்டல மிஸ். பக்கத்துல இருக்குற கலைச்செல்வி அவளாவே பாத்தா... அவளப் பாத்து பின்னாடி பெஞ்சு... எல்லாப் பரிட்சையிலயும் அப்படித்தான் மிஸ்.

ரஞ்சனி: சரி. உன்னப் பத்தி நீ எழுதினத அவங்க காப்பி அடிச்சாங்க. அவ்ளோதானே?

ஜெயஸ்ரீ: நானும் காப்பிதான் மிஸ்.

ரஞ்சனி: யாரப் பாத்து?

ஜெயஸ்ரீ: இவன.

செந்தமிழன்: என்னயா?

ரஞ்சனி: இவனயா?

ஜெயஸ்ரீ: அது சிலபஸ்லயே இல்ல மிஸ். எந்தப் பாடத்துல வருதுன்னே தெரியல. எனக்குக் கையே ஓடல. திரும்பிப் பாத்தா இவன் நிறுத்தாம டிக் அடிச்சுக்கிட்டு இருக்கான். ரப்பர் கேக்குற மாதிரி கேட்டு... கேள்விய படிக்கல மிஸ், டிக் எங்க இருக்குதுன்னு மட்டும்தான் பாத்தேன். நைனாகிட்ட சொல்லிடாதீங்க...

செந்தமிழன்: ஏய், அழாத. மூக்கு செவந்துடும். வீட்டுக்குப் போற வரைக்கும் அப்படியே இருக்கும் உனக்கு.

ரஞ்சனி: இரு இரு. அப்ப மொதல்ல எழுதினது இவன். கணக்குல பாஸாகாதவன் கணக்கு சுலபம்னு போட்டிருக்கான். கப்பு வாங்கினவன் ஓட வராதுன்னு போட்டிருக்கான். டேய்... நீ யாரப் பத்தி எழுதின?

செந்தமிழன்: பஸ்ஸு வருது மிஸ்.

ரஞ்சனி: அது தொண்டூர் பஸ்ஸு. சொல்லு.

செந்தமிழன்: என்னப் பத்தி எழுதச் சொன்னீங்க. என்னப் பத்தி எனக்கு இன்னா மிஸ் தெரியும்? நான் என்னப் பாக்குறதே இல்ல. முன்னாடி பெஞ்சுல ஒரு ஆள் இருந்துச்சு... தெரிஞ்சத எழுதினேன்.

ஜெயஸ்ரீ: எனக்கா ஓட வராது?

செந்தமிழன்: வருமா?

ஜெயஸ்ரீ: ...வராது.

ரஞ்சனி: கடவுளே. இதுல ஒண்ணே ஒண்ணுதான் ஒத்து வரல. எட்டாவது. ‘என்னை ரொம்பப் பிடித்த ஒருவர் இந்த வகுப்பில் இருக்கிறார்.’ இவன் ‘மிகவும் சரி’. நீயும் மத்தவங்களும் ‘தெரியவில்லை’.

ஜெயஸ்ரீ: அத மட்டும் கைய வெச்சு மறைச்சுக்கிட்டான் மிஸ். வேற வழியில்லாம நானே யோசிச்சு எழுதினேன்.

ரஞ்சனி: சரி. புரொபசருக்கு இப்பவே போன் போட்டு நிறுத்திடறேன். குதிச்சவரு ஒக்காரட்டும். திங்கக்கிழமை எல்லாருக்கும் புது பேப்பர், தனித்தனியா ஒக்கார வெச்சு. ஜெயஸ்ரீ, இந்தா உன் பேப்பர். இப்பவாவது கேள்விய படி. உனக்குப் பொருந்தாதத மட்டும் திருத்திக் குடு.

ஜெயஸ்ரீ: ...எல்லாம் சரியாத்தான் மிஸ் இருக்குது. எட்டாவத மட்டும் திருத்தணும். ஏய், அந்த ரப்பர குடு.