சக்கரம் நின்ற மத்தியானம்

“சக்கரம் தானா சுத்துதுன்னு ஊர்பூரா சொல்றீங்களே, அப்ப என் கை ஏன் வீங்கிக் கிடக்கு?”

“மெல்லப் பேசுடி. பக்கத்து வீட்டுக்காரிக்குக் காது நம்ம சுவத்துலதான் இருக்கு.”

இருந்தது உண்மைதான். நான் தனிக்கட்டை, பொழுது போக வேண்டாமா? கடிகாரம் பழுதுபார்ப்பவரும் அவர் மனைவியும் அன்று அப்படிக் கத்தாமல் இருந்திருந்தால் எனக்கு விஷயமே தெரிந்திருக்காது.

யாரும் தொடாமலே சுற்றுகிறது என்று அவர் ஊருக்குக் காட்டிய அந்தச் சக்கரம் எப்படி ஓடியிருக்கும் என்று நீங்கள் புத்தகம் எழுதுகிறீர்கள். காந்தம் என்கிறீர்கள், உள்ளே பாதரசம் என்கிறீர்கள். படித்தவர்கள், சொல்லலாம். எனக்கு அவள் துணி பிழிகிற அழகே போதும். வலது கை மட்டும் கொல்லன் கை. சக்கரம் பார்க்க ஆள் வந்தால் அவள் மட்டும் கண்ணில் படமாட்டாள்.

சக்கர அறைக்குப் பின்னால் ஓர் ஆள் உட்காரும் அளவுக்குப் பொந்து. சந்துப் பக்கம் சின்னக் கதவு. காற்றுக்கு என் சமையலறைச் சுவரில் ஒரு துவாரம். அதில் கண்ணை வைத்தேன். உள்ளே உட்கார்ந்து கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

பெரிய மனிதர்கள் சோதிக்க வந்த அன்று, அவள் உள்ளே போனதும் கதவை ஒட்டி என் விறகை அடுக்கினேன். பொதுச்சந்து, யாரும் அடுக்கலாம். துவாரத்தில் பழந்துணி திணித்தேன், புழுதி வருகிறதே என்று. அவள் களைத்தால் சக்கரமும் களைக்குமா, பார்த்துவிடலாமே.

கொஞ்ச நேரத்தில் சுவரைத் தட்டினாள். “அக்கா, அக்கா” என்றாள். எனக்கு அடுப்பில் வேலை இருந்தது.

சாப்பாட்டு வேளையில் அவள் புருஷன் சந்துக்கு வந்தார். விறகைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நானே எடுத்துப் போட்டிருப்பேன். சோதிக்க வந்தவர்களில் ஒருவர் சக்கர அறையிலிருந்து, “என்னங்க அங்க?” என்றார்.

“ஒண்ணுமில்லைங்க. பக்கத்து வீட்டு விறகு.”

உள்ளே போய்விட்டார்.

மத்தியானம் சக்கரம் நின்றது. அச்சு சூடாகிவிட்டது என்று வந்தவர்களை அனுப்பிவிட்டு, கோடரியால் சக்கரத்தைப் பிளந்தார். ரகசியம் திருடுபோகும் என்ற கோபமாம்; நீங்களும் அப்படித்தான் எழுதியிருக்கிறீர்கள். மனைவி மாரடைப்பில் போனாள் என்றார். அதையும் ஊர் நம்பியது. சாயங்காலம் விறகை நகர்த்த நான்தான் ஒரு கை கொடுத்தேன்.

மறுவருஷம் அவர் கல்யாணம் செய்துகொண்டார். எனக்குச் சாமான் தூக்கி வீடு மாறுகிற வேலைகூட இல்லை. நடுச்சுவரை இடித்ததும் வீடு ஒன்றாகிவிட்டது. பால் காய்ச்சிக் கொடுத்தால் மட்டும், “நீ முதல்ல குடி” என்பார், கடைசிவரை. சந்தேகம் பிடித்த மனுஷன். நான் யாருக்கு என்ன கெடுதல் செய்தேன்?